ஹாம் ரேடியோ தேர்வுக்குச் சொற்களிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

ஒரு வேலையைப் பார்த்து "அமெச்சூர்தனமா இருக்கு" என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. அரைகுறை, பக்குவம் போதாது என்று அர்த்தம். ஆனால் அந்தச் சொல் லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மூலத்தில் 'நேசிப்பவர்' என்பதே பொருள். ஹாம் ரேடியோவின் முறையான பெயரான அமெச்சூர் ரேடியோ என்பதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தேர்வின் விதிமுறைப் பகுதியில் அமெச்சூர் சேவையின் வரையறையைக் கேட்பார்கள். பண ஆதாயம் கருதாமல், சொந்த ஆர்வத்தால், தானே கற்கவும் பிறரோடு தொடர்பு கொள்ளவும் தொழில்நுட்பத்தை ஆராயவும் உரிமம் பெற்றவர்கள் நடத்தும் வானொலிச் சேவை. சொல்லின் வேர் தெரிந்ததும் விடையில் பாதி கைக்கு வந்துவிட்டது.

நான் படித்தபோது க்யூ கோடுகளை, அதாவது க்யூ என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கக் குறிகளை, வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். மறந்தது, மறுபடி உருப்போட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரரை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருநாள் சொன்னார்: "ஒவ்வொரு சொல்லும் யாருக்கோ ஒரு சங்கடம் வந்தப்போ பொறந்தது. அந்தச் சங்கடம் என்னன்னு தேடிப் பாருப்பா." அதன் பிறகு பட்டியல் மறக்கவே இல்லை. இந்தப் பதிவில் அதே வழியில் உங்களை அழைத்துப் போகிறேன்.

படி 1: எந்த நிலை என்று முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் இந்தத் தேர்வை ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு, அதாவது அமெச்சூர் நிலைய ஆபரேட்டர் சான்றிதழ்த் தேர்வு, என்பார்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் வானொலி அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவின் கீழ் நடக்கிறது. 12 வயது நிரம்பினால் போதும், பட்டம் எதுவும் வேண்டாம். இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கிடையாது, 50 வாட் வரை அனுப்பலாம், நிலையத்தின் அடையாளக் குறியான கால் சைன் வியூ3 (வி, யூ என்ற இரண்டு எழுத்தும் 3-ம்) என்று தொடங்கும். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் எடுக்கவும் தெரிய வேண்டும். அதற்கு 400 வாட் வரை அனுமதி, கால் சைன் வியூ2.

எழுத்துத் தேர்வில் ரேடியோ பாடம், விதிமுறை என இரண்டு பகுதி. ரெஸ்ட்ரிக்டடுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50. ஜெனரலுக்கு 50, 55. ஒன்றில் அதிகம் எடுத்து மற்றதை ஈடுகட்ட முடியாது என்பதை இப்போதே மனதில் வையுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் உள்ளதைத்தான் நம்ப வேண்டும்.

முதல் முறை எழுதுபவர்களுக்கு என் யோசனை ரெஸ்ட்ரிக்டட். 50 வாட்டில் என்ன கிடைத்துவிடும் என்று தயங்குபவர்களுக்குப் படி 4-இல் கணக்கு இருக்கிறது.

வியூ என்ற முன்னொட்டு எங்கிருந்து வந்தது? வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை தொடங்கும் குறிகள் உலக ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டவை. அதில் வி.டி. விமானங்களுக்குப் போனது. அடுத்த முறை விமான நிலையம் போனால் நம் நாட்டு விமானத்தின் உடலைப் பாருங்கள், பதிவெண் வி.டி. என்று தொடங்கும். வியூ ஹாம்களுக்கு வந்தது. வியூ4 அந்தமான் நிகோபார், வியூ7 லட்சத்தீவு.

படி 2: படிப்பதற்கு முன் கேளுங்கள்

கேட்டுப் பழக இன்று ரேடியோ பெட்டிகூட வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எஸ்டிஆர் ரிசீவரை போன் பிரவுசரிலேயே திறந்து 14 மெகாஹெர்ட்ஸ் பக்கம் நகர்த்திக் கேட்கலாம். தினமும் அரைமணி நேரம், இரண்டு வாரம். புரியாத சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம்.

ஓர் எச்சரிக்கை. ஆர்வ மிகுதியில் இணையக் கடையில் வாக்கி டாக்கி வாங்கிவிடாதீர்கள். உரிமம் தேவைப்படும் டிரான்ஸ்மிட்டரை அது இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், பேசினால்தான் என்றில்லை.

படி 3: நோட்டில் சேர்ந்த சொற்களின் பிறப்பைத் தேடுங்கள்

இந்தப் படியில் நேரம் செலவழியுங்கள், அவசரப்பட வேண்டாம்.

'ஹாம்' என்ற பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று அமெரிக்க மாணவர்களின் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து ஹாம் ஆனது என்று ஒரு கதை இணையமெங்கும் உலவுகிறது. நம்பாதீர்கள். ரேடியோ வருவதற்கு முன்பே அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில், கை திருந்தாத ஆபரேட்டரை 'ஹாம்' என்று ஏசினார்கள். பின்னர் கப்பல், கரை நிலையங்களின் தொழில்முறை ஆபரேட்டர்கள், தங்கள் அலைவரிசையில் குறுக்கே வந்த பொழுதுபோக்குக்காரர்களை அதே சொல்லால் வைதார்கள். வசையை வாங்கியவர்கள் அதையே தங்கள் பெயராகச் சூடிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஆர்வலர்களால் என்ன முடியும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1924 ஜூலை 31 அன்று இந்த ஊரில் ஒலிபரப்பைத் தொடங்கியது சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

அடுத்து சி.க்யூ. "யாராவது இருக்கிறீர்களா, பேசலாம்" என்ற பொது அழைப்பு. பிரிட்டிஷ் தந்திக் கம்பிகளில் 'எல்லா நிலையங்களும் கவனிக்க' என்பதற்கான குறி அது. தந்தி ஆபரேட்டர்கள் கப்பலுக்கு மாறியபோது அதையும் கொண்டுபோனார்கள். 1904-இல் மார்க்கோனி நிறுவனம் அதோடு ஒரு டி சேர்த்து சி.க்யூ.டி. என்று ஆபத்து அழைப்பாக்கியது. 1912 ஏப்ரலில் டைட்டானிக்கிலிருந்து முதலில் போனது சி.க்யூ.டி., பிறகு எஸ்.ஓ.எஸ். இந்த எஸ்.ஓ.எஸ். எந்த வாக்கியத்தின் சுருக்கமும் இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று இடைவெளி விடாமல் அடித்தால் எந்த இரைச்சலிலும் தனித்துத் தெரியும் என்பதற்காகத் தேர்ந்தது. பேச்சு வந்ததும் 'மேடே' வந்தது, 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலி. உயிராபத்துக்கு மேடே, அவசரத்துக்குப் பான் பான், பாதுகாப்பு அறிவிப்புக்கு செக்யூரிட்டே. மூன்றுக்கும் வேர் பிரெஞ்சு, மூன்றும் தேர்வுக்கு உரியவை. வரிசை மாறக் கூடாது.

க்யூ கோடுகள் மொழிச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு. ஜப்பானியக் கப்பலும் இத்தாலியக் கரை நிலையமும் பேசிக்கொள்ள வேண்டும், பொதுமொழி இல்லை. 1912-இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதன் அழகு கேள்விக்குறியில் இருக்கிறது. க்யூ.டி.ஹெச். என்றால் 'என் இடம் இது'. பின்னால் கேள்விக்குறி போட்டால் 'உங்கள் இடம் எது?' ஒரு குறியைப் படித்தால் இரண்டு வாக்கியம் கிடைக்கிறது. க்யூ.ஆர்.எம். பிற நிலையங்களின் குறுக்கீடு, க்யூ.ஆர்.என். இடி மின்னலால் வரும் இரைச்சல். க்யூ.ஆர்.ஓ. பவரைக் கூட்டு, க்யூ.ஆர்.பி. குறை. க்யூ.ஆர்.க்யூ. வேகமாக அனுப்பு, க்யூ.ஆர்.எஸ். மெதுவாக. கப்பல் ஆபரேட்டருக்கு என்னவெல்லாம் சொல்லத் தேவைப்பட்டிருக்கும் என்று ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். பட்டியலை நீங்களே எழுதிவிடலாம்.

73 என்று சொல்லி விடைபெறுவார்கள். 1850களில் அமெரிக்கத் தந்திக்காரர்கள் அடிக்கடி வரும் வாக்கியங்களுக்கு எண் கொடுத்தார்கள். 1859-இல் வெஸ்டர்ன் யூனியன் வகுத்த பட்டியலில் 92 வரை எண்கள். 30 என்றால் முடிந்தது. ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் செய்தியின் அடியில் 30 என்று எழுதிய வழக்கத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. 73 என்றால் அன்பான வணக்கங்கள். அதிலேயே பன்மை இருப்பதால் 'செவன்டி த்ரீஸ்' என்று நீட்டுவது பிழை. மோர்ஸில் அடித்துப் பாருங்கள்: டா-டா-டி-டி-டிட், டி-டி-டி-டா-டா. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே ஓசை.

டி.எக்ஸ். என்பது தொலைவு. தொலைதூர அரிய இடத்துக்குப் போய் நிலையம் அமைத்து உலகோடு பேசுவது டி.எக்ஸ்.பெடிஷன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்கு அப்படித்தான் போனது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி செத்துப்போன தீவுகளிலிருந்து தங்கள் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்ற தகவல் பல குடும்பங்களுக்கு அந்த ஹாம் நிலையத்தின் வழியாகத்தான் கிடைத்தது. டி.எக்ஸ். என்ற இரண்டு எழுத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிலையம்தான் நினைவுக்கு வருகிறது.

வழிகாட்டும் மூத்தவரை 'எல்மர்' என்பார்கள். 1971-இல் ஓர் அமெரிக்க ஹாம் இதழின் பத்தியில், பலரைக் கைபிடித்து அழைத்துவந்த எல்மர் என்ற ஹாமைப் பற்றி எழுதினார்கள். அவர் பெயரே பொதுப்பெயர் ஆயிற்று. உங்கள் ஊரில் ஓர் எல்மரைத் தேடிப் பிடியுங்கள்.

எழுத்து உச்சரிப்பு அட்டவணையையும் இப்போதே பழகுங்கள். தமிழர்களுக்கு இதன் தேவை சட்டென்று விளங்கும். நம் எழுத்தில் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' தான். நான்காவதும் இருபதாவதும் 'டி' தான். இரைச்சல் நிறைந்த அலைவரிசையில் உலகத்தவர் எல்லோர் காதுக்கும் அப்படித்தான் கேட்கிறது. அதனால்தான் பிராவோ, பாப்பா, டெல்டா, டேங்கோ. பேருந்தில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் பதிவெண்களை இந்த முறையில் மனதுக்குள் வாசியுங்கள், ஒரே வாரத்தில் வந்துவிடும்.

படி 4: கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள்

பள்ளி இயற்பியல்தான். ஓம் விதி, மின்தடைகளைத் தொடராகவும் பக்கமாகவும் இணைத்தல், கெபாசிட்டர், டையோடு, டிரான்சிஸ்டர், சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவரின் கட்டப்படம், ஆன்டெனா. கட்டப்படத்தைப் பார்க்காமல் வரையும் வரை விடாதீர்கள்.

இரண்டு கணக்கு மட்டும் சொல்கிறேன். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 42. அதனால்தான் அதை 40 மீட்டர் பேண்ட் என்கிறோம். 145-க்கு 2 மீட்டர். அரை அலை டைபோல் என்னும் எளிய கம்பி ஆன்டெனாவுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி. மொட்டை மாடியில் அவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காவிட்டால் நடுவைத் தூக்கி இரண்டு முனைகளையும் சரித்துக் கட்டலாம்.

இரண்டாவது டெசிபெல், பவர் எத்தனை மடங்கு மாறுகிறது என்பதைச் சொல்லும் அளவு. பவர் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல். 50-இலிருந்து 100, 200, 400 என்று மூன்று முறை இரட்டிக்கிறது. ஆக 9 டெசிபெல். எதிர்முனையில் இருப்பவரின் ரிசீவரில் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் ஓர் அலகு 6 டெசிபெல். ஆகவே ரெஸ்ட்ரிக்டடுக்கும் ஜெனரலுக்கும் உள்ள பவர் வித்தியாசம் அவருடைய மீட்டரில் ஒன்றரை அலகுதான். ஆன்டெனாவை உயர்த்திக் கட்டினால் அதைவிட அதிகம் கிடைக்கக்கூடும்.

படி 5: மோர்ஸைக் காதால் கற்றுக்கொள்ளுங்கள்

ஜெனரல் எழுதுபவர்களுக்கு மட்டும். புள்ளி கோடு அட்டவணையைச் சுவரில் ஒட்டாதீர்கள். கண்ணால் படித்தவர்கள் காதில் கேட்டதும் மனதுக்குள் படத்துக்குப் போய்த் திரும்புவார்கள், அதற்குள் அடுத்த எழுத்து ஓடிவிடும். தவில் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவது போலப் பழகுங்கள். டிட் ஒரு மாத்திரை என்றால் டா மூன்று. எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. ஒவ்வொரு எழுத்தையும் 15 சொல் வேகத்தில் கேளுங்கள், இடைவெளியை மட்டும் நீட்டி மொத்த வேகத்தை 8-க்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

படி 6: விண்ணப்பமும் தேர்வும்

சரல் சஞ்சாரில் கணக்குத் தொடங்கி, கேட்கும் ஆவணங்களை ஏற்றி, மையத்தைத் தேர்ந்தெடுங்கள். சென்னைக்காரர்களுக்குப் பெருங்குடியில் உள்ள கண்காணிப்பு நிலையம். எல்லா ஆவணங்களிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். தலைப்பெழுத்தை ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் போட்டிருக்கும் நம் வழக்கம் இங்கே தாமதத்தை உண்டாக்கும்.

தேர்ச்சி பெற்றால் கிடைப்பது ஆபரேட்டர் சான்றிதழ். நிலையம் அமைக்க உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கால் சைன் அப்போதுதான் வரும். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

படி 7: முதல் அழைப்பு

அலைவரிசை காலியா என்று முதலில் கேளுங்கள். பிறகு "இந்த அலைவரிசை பயன்பாட்டில் இருக்கிறதா?" என்று கேட்டு, பதில் இல்லாவிட்டால் சி.க்யூ. மூன்று முறை, உங்கள் கால் சைன் உச்சரிப்பு அட்டவணைப்படி. பதில் வந்ததும் சிக்னல் ரிப்போர்ட், பெயர், இடம். ரிப்போர்ட்டில் முதல் எண் 5 வரை, எவ்வளவு புரிகிறது என்பதற்கு. இரண்டாவது 9 வரை, எவ்வளவு வலுவாக வருகிறது என்பதற்கு. மரியாதைக்காக எல்லோருக்கும் ஐந்து ஒன்பது கொடுக்காதீர்கள். நான்கு மூன்று என்று உண்மையைச் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் தன் ஆன்டெனாவைச் சரிபார்ப்பார்.

பேச்சு முடிந்ததும் 73. உடனே லாக் புத்தகத்தில் எழுதுங்கள். நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்க வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள். இரவு 7.30 என்றால் 14.00. பிறகு பேசியதை உறுதிசெய்து எதிர்முனைக்கு அனுப்பும் க்யூ.எஸ்.எல். அட்டையை நிரப்புங்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்பது அந்தக் குறியின் பொருள். இரு கால் சைன்கள், தேதி, நேரம், அலைவரிசை, ரிப்போர்ட் ஆகிய ஐந்தில் ஒன்று குறைந்தாலும், அடித்துத் திருத்தியிருந்தாலும் அட்டை செல்லாது என்பார்கள். பிழை வந்தால் புதிய அட்டையை எடுத்து முதலிலிருந்து எழுதுங்கள்.