பாஸ்கெட்பாலில் விருது வாங்கிய பிள்ளையும் சின்னக் கல்லூரி டீமும்: ஒஹாயோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

கொலம்பஸ் பக்கம் டப்ளின், பவல், ஹில்லியார்ட் என்று வந்து இறங்கி, வீடு, கார், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழிக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஓடியபிறகு சில வீடுகளில் இந்தக் கேள்வி வரும். "அண்ணா, பையனுக்கு ஆல்-லீக் குடுத்திருக்காங்க. இனி காலேஜுக்கு ஸ்காலர்ஷிப் வந்துடும்ல?" அநேகமாக வராது. அதற்காக அந்த விருதுக்கு மதிப்பே இல்லை என்று அலமாரியில் போட்டுப் பூட்டிவிடவும் வேண்டாம். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரியாமல்தான் நம் ஆட்கள் பலர் நல்ல வாய்ப்பைக் கோட்டை விடுகிறார்கள். பையன் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம் பெண் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் இந்த விருதுகள் என்னென்ன என்று பார்த்துவிடலாம். மார்ச்சில் சீசன் முடிந்ததும் பள்ளி கஃபெடீரியாவில் ஒரு விருந்து நடக்கும். நீள மேசையில் அலுமினியத் தட்டுகளில் பாஸ்டா, சாலட், யாரோ ஒரு அம்மா செய்துவந்த பிரவுனி. கோச் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு அவனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, ஒரு சான்றிதழும் துணியில் தைத்த பள்ளியின் எழுத்தும் கொடுப்பார். அதைத்தான் வார்சிட்டி லெட்டர் என்கிறார்கள், ஜாக்கெட்டில் தைத்துக்கொள்வது. முதன்மை டீமில் போதுமான அளவு ஆடியவர்களுக்குக் கிடைப்பது, கல்லூரி கோச் இதைக் கணக்கில் எடுக்க மாட்டார். இதற்கு மேலே வருவது ஆல்-லீக், அதாவது லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியல். நம் பக்கத்துப் பள்ளிகள் பல ஒஹாயோ கேபிடல் கான்ஃபரன்ஸ் என்ற லீக்கில் ஆடுகின்றன, எதிர் டீமின் கோச்சுகளே பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் இதற்குக் கொஞ்சம் எடை உண்டு. அதற்கும் மேலே மாவட்ட அளவு, பிறகு ஆல்-ஒஹாயோ. அதில் ஃபர்ஸ்ட் டீம், செகண்ட் டீம், தேர்ட் டீம், ஹானரபிள் மென்ஷன் என்று படிகள். எல்லாவற்றுக்கும் உச்சியில் மிஸ்டர் பாஸ்கெட்பால், பெண்களுக்கு மிஸ் பாஸ்கெட்பால். ஏக்ரனில் பள்ளி மாணவராக இருந்தபோது லெப்ரான் ஜேம்ஸ் அதை மூன்று முறை வாங்கினார். அந்த உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது, கோச்சுகளே வீடு தேடி வருவார்கள்.

மற்றவர்கள் நிலைமை வேறு. நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்கள் உயர்நிலைப் பள்ளி பாஸ்கெட்பால் ஆடுகிறார்கள். அவர்களில் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு, கல்லூரிகளை டிவிஷன் 1, 2, 3 என்று பிரித்திருக்கிறது) கல்லூரி டீம் எதிலாவது இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். டிவி-யில் நாம் பார்க்கும் டிவிஷன் 1-க்குப் போவது நூற்றுக்கு ஒருவர். அதுவும் இப்போது இன்னும் இறுகிவிட்டது. முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். அந்த விதி போய், மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, டிவிஷன் 1 கோச்சுக்கு பதினெட்டு வயதுப் பையனை எடுத்து மூன்று வருடம் வளர்ப்பதைவிட இருபத்திரண்டு வயதில் உடம்பும் அனுபவமும் ஏறிய ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வது சுலபம். அதனால் பத்து வருடத்துக்கு முன்னால் டிவிஷன் 1-க்குப் போயிருக்கக்கூடிய ஆல்-ஒஹாயோ பையன் இன்று டிவிஷன் 2-வில் நிற்கிறான், டிவிஷன் 2 பையன் டிவிஷன் 3-க்கு வருகிறான். உங்கள் பிள்ளையின் ஆட்டம் மோசமானதால் இல்லை, கூட்டம் கீழே தள்ளப்படுகிறது.

சரி, சின்னக் கல்லூரி என்றால் என்ன? டிவிஷன் 2 இருக்கிறது, ஒஹாயோவில் ஆஷ்லண்ட், ஃபிண்ட்லே மாதிரி. இங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு, பெரும்பாலும் பாதி, கால் என்று பிரித்துத்தான் கொடுப்பார்கள். என்ஏஐஏ என்று தனி அமைப்பு ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஸ்காலர்ஷிப் உண்டு. 2021-ல் அதன் ஆண்கள் பட்டத்தை வென்றது நம் மாநிலத்தின் தென்கோடி போர்ட்ஸ்மத்தில் இருக்கும் ஷானி ஸ்டேட். இரண்டு வருட ஜூனியர் கல்லூரிகள் இன்னொரு வழி. பிறகு டிவிஷன் 3. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், என்சிஏஏ-யிலேயே மிகப் பெரிய பிரிவு இதுதான். இங்கே விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் நம்மவர்கள் முகம் சுருங்கிவிடும். "டிவிஷன் 3-யா, அது லோக்கல் ஆச்சே." இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். ஏனென்றால் எம்ஐடி டிவிஷன் 3. கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கார்னெகி மெல்லன், சிகாகோ பல்கலைக்கழகம், எமரி, என்ஒய்யு, கிளீவ்லண்டில் இருக்கும் கேஸ் வெஸ்டர்ன், எல்லாம் பாஸ்கெட்பாலில் டிவிஷன் 3 தான். எந்தப் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் மத்தியில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வோமோ அந்தப் பெயர்களில் பாதி இந்த "சின்ன" லிஸ்டில் இருக்கிறது. கால்டெக் ஆண்கள் டீம் தன் கான்ஃபரன்ஸில் தொடர்ந்து 310 ஆட்டம் தோற்று, 2011 பிப்ரவரியில்தான் ஆக்ஸிடென்டலை 46-45 என்று ஜெயித்தது. ஆனால் எல்லோரும் அப்படி என்று நினைத்து ஷூவை மாட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். என்ஒய்யு பெண்கள் டீம் 2024, 2025 இரண்டு வருடமும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கியது. நம் வெஸ்டர்வில்லில் இருக்கும் ஆட்டர்பைன் 2002-ல் ஆண்கள் பட்டம் வென்ற கல்லூரி.

அங்கிருந்து மேலே போனவர்களும் இருக்கிறார்கள். டங்கன் ராபின்சன் முதல் வருடம் ஆடியது வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில், அங்கிருந்து மிஷிகன், பிறகு மயாமி ஹீட் என்ற என்பிஏ டீம். இந்திய வம்சாவளிப் பையன் வருண் ராம், ட்ரினிடி கல்லூரியில் ஒரு வருடம் ஆடிவிட்டு மேரிலாந்துக்கு மாறி, ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆனாக டீமுக்குள் நுழைந்தார். 2015 என்சிஏஏ போட்டியில் வால்பரைசோவுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் எதிராளியை ஷாட் அடிக்கவே விடாமல் மறித்து நின்றது அவர்தான். பக்கத்து இண்டியானாவில் மிஸ்டர் பாஸ்கெட்பால் விருது 1939-ல் தொடங்கியது, முதன்முதலில் அதை வாங்கிய ஜார்ஜ் குரோ போனதே இண்டியானா சென்ட்ரல் என்ற சின்னக் கல்லூரிக்குத்தான். இதையெல்லாம் சொல்வது உங்கள் பிள்ளையும் என்பிஏ போவான் என்பதற்காக இல்லை, போக மாட்டான். மாநிலத்தின் பெரிய விருதை வாங்கியவர்களே போகும் இடம் அது என்பதற்காக.

இப்போது பணம். இதை நிதானமாகப் படியுங்கள்.

டிவிஷன் 3 கல்லூரி விளையாட்டுக்குப் பணம் கொடுக்காது, ஆனால் படிப்புக்குக் கொடுக்கும். தனியார் கல்லூரிகளில் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து விலைப்பட்டியலில் வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் போட்டிருப்பார்கள், கென்யன், டெனிசன் எல்லாம் அந்த ரகம். அந்த விலையை முழுசாகக் கட்டுகிறவர்கள் குறைவு. மெரிட் என்ற பெயரில் மார்க்கைப் பார்த்து ஒரு தொகை, குடும்ப வருமானத்தைப் பார்த்து இன்னொரு தொகை என்று கழியும். ஒவ்வொரு கல்லூரி தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும், சட்டப்படி வைத்தாக வேண்டும். கோச்சிடம் பேசுவதற்கு முன்பே அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஐடி-யில் இருக்கும் வீட்டுக்கு வருமான அடிப்படை உதவி பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் காட்டும், அப்போது மெரிட் ஒன்றுதான் கை கொடுக்கும். ஆக, பையனின் ஜம்ப் ஷாட்டுக்காக நீங்கள் செலவழிக்கும் நேரத்தில் கொஞ்சத்தை அவன் ஜிபிஏ-வுக்கு (சராசரி மதிப்பெண்) ஒதுக்கினால் காசாகவே திரும்பி வரும். "எங்க காலேஜ்ல விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனா உங்களுக்கு ஏதாவது பண்ணித் தரேன்" என்று டிவிஷன் 3 கோச் யாராவது சொன்னால் ஜாக்கிரதை. உதவித்தொகையில் கோச் தலையிடவே முடியாது, விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அதிகமாகப் போகிறதா என்று என்சிஏஏ கணக்குக் கேட்கிறது.

அப்படியென்றால் விருதால் என்ன லாபம்? அட்மிஷன். படிப்பில் கடுமையான கல்லூரிகளில், பன்னிரண்டாவது தொடங்கும் முன் கோடையில், கோச் உங்கள் பிள்ளையின் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து "இவன் தேறுவானா" என்று முன்கூட்டியே கேட்பார். பிரீ-ரீட் என்பார்கள். அங்கே சரி என்று வந்து, கோச்சும் இவன் எனக்கு வேண்டும் என்று சொன்னால், விண்ணப்பத்துக்குக் கூடுதல் பலம். பதிலுக்கு எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார்கள், அது கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய வகை. எனவே நான்கு வருடச் செலவை முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டுத் தலையாட்டுங்கள்.

விசா விஷயம். எச்-4-ல் (எச்-1பி பெற்றோரைச் சார்ந்த விசா) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, கேம்பஸில் சம்பள வேலையும் பார்க்க முடியாது. கல்லூரி தன் கைப்பணத்திலிருந்து கொடுக்கும் மெரிட்டை வாங்கத் தடை இல்லை, ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எழுத்தில் கேளுங்கள். 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், கிரீன் கார்டு வராவிட்டால் படிப்பு நடுவிலேயே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாறியபிறகு சில கல்லூரிகளில் உதவித்தொகை கணக்கே மாறும் என்பதால் இதையும் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. விளம்பரத்துக்கு முகம் காட்டிக் காசு வாங்கும் என்ஐஎல் சமாச்சாரத்தை விசாவில் இருப்பவர்கள் வக்கீலைக் கேட்காமல் தொடவே வேண்டாம், ஒரு ஷூ கடை ஐம்பது டாலர் கொடுத்தாலும்.

ஊரில் ஒன்பதாவது படித்துவிட்டு வந்த பிள்ளை என்றால், அந்த மார்க் ஷீட்டைப் பத்திரமாக எடுத்து வாருங்கள், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு. டிவிஷன் 1, 2 போகிற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆடத் தகுதி உண்டா என்று பார்க்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர் ஒன்பதாவதிலிருந்து கேட்கும், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மாதிரி 16 கோர் பாடங்கள் வேண்டும், டிவிஷன் 1-க்கு அந்தப் பாடங்களில் ஜிபிஏ 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. அப்புறம் "ஒரு கிளாஸ் கீழே போட்டால் ஒரு வருடம் கூட ஆடலாமே" என்று யாராவது யோசனை சொன்னால், ஒஹாயோவில் ஒன்பதாவது தொடங்கியதிலிருந்து எட்டு செமஸ்டர்தான் ஆட முடியும் என்பதை நினைவில் வையுங்கள். வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினாலும் அந்த சீசனில் உட்கார நேரலாம், முதலில் பள்ளியின் அத்லெடிக் டைரக்டரைப் போய்ப் பாருங்கள்.

கோச்சுகளை அணுகுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பதினொன்றாவது படிக்கும்போது, பிள்ளையே (அப்பா இல்லை, தயவுசெய்து அப்பா இல்லை) தன் உயரம், எந்த இடத்தில் ஆடுவான், ஜிபிஏ, வாங்கிய விருது, மூன்று நான்கு நிமிட ஹைலைட் வீடியோ, கூடவே ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பு, இவ்வளவையும் ஒரு சின்ன ஈமெயிலில் போட்டு அனுப்பட்டும். முழு ஆட்டம் ஏனென்றால், பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறான் என்பதைத்தான் கோச் பார்க்க விரும்புவார். இதற்காக ஆயிரக்கணக்கில் வாங்கும் ரெக்ரூட்டிங் சர்வீஸ்கள் உண்டு, என் கருத்தில் தண்டம். "எலீட் கேம்ப்" என்று கல்லூரியிலிருந்து வரும் அழைப்பும் பெரும்பாலும் ஊருக்கே அனுப்பியதுதான், கோச் பெயர் சொல்லி, ஆட்டத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் மட்டும் போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்து தள்ளாடும் சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு விளையாட்டு டீம் என்பது அட்மிஷன் பிடிக்கும் வழி. ஆட்டத்தில் ஐந்து பேர், நன்றாக ஆடும் வாய்ப்பு எட்டு ஒன்பது பேருக்கு, ஆனால் ரோஸ்டரில் (டீம் பட்டியலில்) இருபத்தைந்து பேர், கூட ஒரு ரிசர்வ் டீம் என்று வைத்திருப்பார்கள். அத்தனை பேரும் ஏதோ ஒரு பள்ளியில் ஆல்-லீக் வாங்கியவர்கள்தான். "யூ ஹேவ் எ ஸ்பாட்" என்று கோச் சொல்வதற்கு டீமில் ஆடுவாய் என்று அர்த்தம் இல்லை.

அதனால் சேருவதற்கு முன் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை (பொங்கல் விழாவோடு மோதும், பரவாயில்லை) ஆட்டர்பைனின் ரைக் சென்டருக்கோ, பெக்ஸ்லியில் கேபிடலுக்கோ, டெலவேர் ஊரில் (அந்தப் பெயர் மாநிலம் இல்லை) ஒஹாயோ வெஸ்லியனுக்கோ போய் ஒரு ஆட்டம் பாருங்கள், எல்லாம் பக்கத்திலேயே. ஸ்கோரைவிட பெஞ்சைக் கவனியுங்கள், கடைசி வரை வார்ம்-அப் உடையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று. ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் பெற்றோர் பலகாரத் தட்டுகளோடு ஹாலில் நிற்பார்கள், தயங்காமல் போய்ப் பேசுங்கள், கோச்சைவிட அவர்கள் உண்மை சொல்வார்கள். பையனை மூன்றாம் வருட வீரன் ஒருவனோடு தனியாகப் பேசவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: முதல் வருடம் உன்னோடு டீமில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இன்னும் ஆடுகிறவர்கள் எத்தனை பேர்?