டிவியில் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? இன்புட் பெயரை மாற்றுங்கள்

டிவியை கம்ப்யூட்டர் மானிட்டராகப் பயன்படுத்தும்போது எழுத்துகள் பிசிறடித்தால், டிவி மெனுவில், கம்ப்யூட்டர் கேபிளைச் செருகிய எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் பல டிவிகளில் அது வெறும் பெயர் அல்ல. டிவி வழக்கமாகப் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டும், நிற விவரங்களையும் குறைத்தே காட்டும். சினிமா பார்க்கும்போது இது கண்ணில் படாது; கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் உடனே தெரிந்துவிடும். 'பிசி' என்றதும் டிவி இந்த வேலைகளை நிறுத்திவிடும். பெரும்பாலும் மவுஸ் பின்தங்கி நகர்வதும் குறையும்.

அப்படியொரு பெயரே உங்கள் டிவியில் இல்லையா? சரி, படத்தின் அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வையுங்கள். அப்புறம் படம் தாமதமாவதைக் குறைக்கும் கேம் மோடை ஆன் செய்து, ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்கும் ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

1366 x 768 பிக்சல் கொண்ட பழைய டிவிகளில் இதனால் பெரிய பலன் இருக்காது. பெரிய 1080பி (1920 x 1080 பிக்சல்) டிவிக்கு மிக அருகில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அங்கே குறை பிக்சலின் அளவில் இருக்கிறது, செட்டிங்கில் இல்லை.