எரியும் கைக்குத் தொடு பயிற்சி: வீட்டில் தொடங்கும் முறை

மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்து மாதங்கள் ஆன பிறகும் கை எரிகிறது என்று பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகக் கூடியிருக்கும். ஆனால் சேலை முந்தானை பட்டாலே துடித்துப்போவார்கள். வீட்டில் "சும்மா நடிக்கிறா" என்ற பேச்சு வேறு. நடிப்பே இல்லை. சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome) என்ற நரம்பு வலி இப்படித்தான் இருக்கும்.

நம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு, வரைபடம் மாதிரி. வலி நீடித்தால் அந்தக் கைக்கான கோடுகள் மங்கிப்போகின்றன. எந்த விரலைத் தொட்டோம் என்றே சிலருக்குத் தடுமாறும். 2005-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், சிகிச்சையால் வலி குறைந்தவர்களுக்கு அந்த வரைபடமும் பழைய நிலைக்குத் திரும்பியதை ஸ்கேனில் பார்த்தார்கள். வரைபடம் எப்படி மாறுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் இருக்கிறது.

தைலம் போட்டுத் தேய்த்தால் போதாதா? போதாது. 2008-இல் வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி குழுவினர் இதைத்தான் சோதித்தார்கள். வெறுமனே தொட்டபோது பலன் இல்லை. எந்த இடம், எந்தப் பொருள் என்று நோயாளி கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் வலி குறைந்தது. வேலை தோலுக்கு இல்லை, கவனத்துக்கு.

சரி, தொடங்கலாம். மருத்துவர் பார்த்து நரம்பு வலிதான் என்று சொல்லியிருக்க வேண்டும். புண்ணோ, சூடான வீக்கமோ, காய்ச்சலோ இருந்தால் இது வேண்டாம்.

முதல் படி: இரண்டு பொருள் எடுங்கள். மூடிய பேனாவின் மெல்லிய முனை ஒன்று, சுண்டுவிரல் அகலத் தக்கை ஒன்று. புறங்கையில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஐந்து புள்ளி வைத்து எண் போடுங்கள். போனில் படம் எடுத்து, அதை நோயாளி முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் படி: அவர் கண்ணை மூட வேண்டும். வீட்டில் ஒருவர் ஏதாவது ஒரு புள்ளியை ஒரு நொடி மெதுவாகத் தொட வேண்டும். வரிசையாகத் தொடாதீர்கள், ஊகித்துவிடுவார். "மூன்று, தக்கை" என்று அவர் சொல்ல வேண்டும். தவறினால் திட்டாமல், அதே இடத்தைத் திரும்பத் தொட்டுச் சரியானதைச் சொல்லுங்கள். இருபது முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி இருபது.

மூன்றாம் படி: நோட்டில் எழுதுங்கள். இருபதில் பதினாறு சரியாக வந்தால் புள்ளிகளைக் கொஞ்சம் நெருக்குங்கள். இது நடைமுறைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு.

தொடவே முடியாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் நிறைய வீடுகளில் தவறு நடக்கிறது. "தேய்க்கத் தேய்க்கப் பழகிடும்" என்று சொரசொரப்பான துண்டால் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எரிகிற இடத்தை விட்டுவிட்டு, முழங்கைப் பக்கமோ அதற்கும் மேலேயோ, தொட்டால் இதமாக இருக்கும் இடத்தில் தொடங்குங்கள். எரியும் எல்லை சுருங்கச் சுருங்க, நாள்கணக்கில் கீழே வரலாம்.

அப்புறம் கண்ணாடி. கை போனவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் வரும் வலிக்காக 1990-களில் இதைக் கொண்டுவந்தவர் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கண்ணாடியில் நல்ல கையைப் பார்த்தபடி, அதற்குப் பின்னால் மறைந்திருக்கும் வலிக்கிற கையில் இதே பயிற்சியைச் செய்யலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை காட்டிக்கொடுத்த பிறகு செய்யுங்கள்.

பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் வலி ஏறியே இருந்தால், மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு நாள் அப்படியே இருந்தால் நிறுத்திவிட்டு, அந்த நோட்டோடு சிகிச்சையாளரிடம் போங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.