ஆர்2-டி2-வை ஓட வைப்பது எப்படி: காலிலிருந்து தொடங்குங்கள்

'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் ரோபோ ஆர்2-டி2-வை முழு உயரத்தில் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் அதன் தலையில்தான் முதலில் கை வைக்கிறார்கள். டோம் என்ற அரைக்கோளத் தலையும் விளக்குகளும் கண்ணைப் பறிப்பதால் அப்படித்தான் ஆகும். ஆனால் பாதியில் படுத்துவிடும் ஆர்2-க்களைத் திறந்து பார்த்தால் கோளாறு காலடியில்தான் இருக்கும். முதலில் கால்கள் வெறும் சட்டத்தோடு ஓடட்டும், அலங்காரம் பிறகு.

உயரம் சுமார் 1.09 மீட்டர், உடலின் விட்டம் சுமார் 46 செ.மீ. மூன்று காலில் நிற்கும்போது உடல் 18 டிகிரி பின்னால் சாயும். நடுக்கால் முன்னே நீளும், பக்கக் கால்கள் பின்னே சரியும். 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்திலேயே இரண்டு காலில் நிற்கும் காட்சிகளில் உள்ளே நடிகர் கென்னி பேக்கர் இருந்தார். மூன்று காலில் உருண்டது ரேடியோவில் இயங்கிய வேறொரு பொம்மை. ஓடிக்கொண்டே நடுக்காலை உள்ளிழுக்கும் அமைப்பை முதல் முயற்சியிலேயே தொடாதீர்கள். நிரந்தரமாக மூன்று காலில் நிற்பதைச் செய்யுங்கள்.

மின்ஸ்கூட்டருக்கு வரும் 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டார் இரண்டு போதும். பக்கக் காலடி ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார் சக்கரம், அதன் பின்னால் ஒரு சிறு கேஸ்டர் (எந்தப் பக்கமும் தானாகத் திரும்பும் சக்கரம்). நடுக்காலடியில் இரண்டு கேஸ்டர். 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினால் மணிக்கு 3.8 கி.மீ. கிடைக்கும், அது மெதுவாக நடக்கும் ஆளின் வேகம். மோட்டார் அதைவிட வேகமாகச் சுற்றினால் செயின், பல்சக்கரம் வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடினால் கட்டுப்பாடு போகும், பாத்திரத்தின் குணமும் போகும்.

பலரும் சறுக்கும் இடம் எடைதான். பாட்டரி கனமானது, அதனால் உடலின் அடியில் நடுவே வைத்துவிடுவார்கள். உடல் சாய்ந்திருப்பதால் அதன் அடிப்பகுதி முன்னே நிற்கிறது. பாட்டரி எடையில் பெரும்பகுதி நடுக்காலில் இறங்குகிறது. மோட்டார் சக்கரங்களுக்குப் பிடிமானம் இல்லாமல் வழவழப்பான தரையில் சும்மா சுற்றும். 12 வோல்ட், 18 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பாட்டரி இரண்டைச் சேர்த்தால் 11 கிலோ வரும். அவற்றை அடித்தட்டின் பின் விளிம்பை ஒட்டி வையுங்கள். பிறகு வீட்டில் எடை பார்க்கும் மெஷினை ஒவ்வொரு காலடியின் கீழும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், மற்ற இரு காலுக்கும் அதே உயரத்துக்குப் பலகை கொடுத்து. மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்காவது பக்கக் கால்களில் இருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் பின்னே தள்ளிவிடவும் கூடாது: சட்டென்று கிளப்பினால் நடுக்கால் தரையை விட்டு எழும்பும். மோட்டார் கன்ட்ரோலரில் வேகம் ஏறும் நேரத்தை முக்கால் நொடி அளவுக்கு வைத்தால் அது அடங்கும்.

அடுத்தது கணுக்கால். போல்ட்டை இறுக்கிப் பூட்டிவிட்டால், தரையில் டைல் விளிம்பு வரும்போது கேஸ்டர் மேலே ஏறி, மோட்டார் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிப்பதால் ஆர்2 தட்டாமாலை சுற்றும். தானாகக் கழலாத, நைலான் வளையம் உள்ள நட் போட்டு, முன்னும் பின்னும் மூன்று நான்கு டிகிரி அசைய விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஓடும்போது உடல் தள்ளாடும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பக்கம் ஒரு உதறு உதறுகிறதா? கேஸ்டர்கள் அரைவட்டம் திரும்புகின்றன. காலடி ஓட்டுக்குள் அவை முழுதாகச் சுற்ற இடம் இருக்கிறதா என்பதை ஓட்டை ஒட்டுமுன் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். உரசினால் சிறிய கேஸ்டருக்கு மாறுங்கள்.

மின்சாரப் பகுதியில் மூன்று விஷயங்களில் சமரசமே கூடாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் பாட்டரி முனையை ஒட்டி 30 ஆம்பியர் ஃப்யூஸ். வெளியிலிருந்து கை எட்டும் ஒரு அவசர ஸ்விட்ச். ஒலி, விளக்கு, கன்ட்ரோல் போர்டு மூன்றுக்கும் தனி பாட்டரி. மோட்டார் திணறும்போது வோல்ட்டேஜ் விழுந்து கன்ட்ரோல் போர்டு ரீசெட் ஆவது இதனால் நிற்கும். மோட்டார் வயர் 4 சதுர மி.மீ. ஆக இருக்கட்டும். ரிமோட்டை அணைத்தால் சக்கரம் நிற்க வேண்டும்: ஆர்2-வைக் கட்டைமேல் தூக்கி வைத்து, ஓடும்போதே அணைத்துச் சோதியுங்கள். 1976-ல் துனிசியாவில் படப்பிடிப்பு நடந்தபோது ரேடியோ ஆர்2 சொன்ன பேச்சு கேட்காமல் படக்குழுவைப் பாடாய்ப் படுத்தியது. கூட்டத்தில் 40 கிலோ பொம்மை தறிகெட்டு ஓடினால் குழந்தைகளின் காலில்தான் ஏறும்.

உடல் சட்டத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் வளையங்கள். மேல்தோலுக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட் இரண்டு அடுக்கு: உள்ளடுக்கு முழுசாக, வெளியடுக்கில் பேனல் கோடுகள் வெட்டி. சுற்றளவு 145 செ.மீ. வருவதால் எட்டுக்கு நான்கு அடி ஷீட்டில் நீளவாட்டில் ஒட்டு இல்லாமல் அடங்கும். இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வரக்கூடாது, வந்தால் அங்கே பிளக்கும்.

டோமை 3டி பிரின்ட் செய்தால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது நெளிந்துவிடும், ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் தாங்கும். டோம் உட்காரும் பேரிங் வளையம் ஒரு மி.மீ.க்கு மேல் கோணலாக இருந்தால், டோமை உரசிச் சுழற்றும் ரப்பர் சக்கரம் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் சிக்கும். வயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஸ்லிப் ரிங் (சுழலும்போதும் மின்தொடர்பு அறாத இணைப்பு). முன்பக்க வட்ட விளக்கு சிவப்பும் நீலமுமாக மாறும், பின்பக்கத்தது மஞ்சளும் பச்சையும்.

நீலத்தைச் சாதாரண பெயின்டில் அடித்தால் பிளாஸ்டிக் வாளி போல் தெரியும். முதலில் வெள்ளி நிறம், அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம், மெல்லிய பூச்சாகப் பல முறை. பூச்சின் எண்ணிக்கைதான் நிறத்தின் ஆழம், ஆகவே எல்லா நீலப் பேனல்களையும் ஒரே அமர்வில் வரிசையாக அடித்துவிடுங்கள். படத்தின் விண்வெளிக் காட்சிகளில் அவை கறுப்பாகத் தெரிவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீலத் திரையை வைத்துப் பின்னணியை மாற்றும் படப்பிடிப்பின் விளைவு அது.

ஆர்2-வின் குரலை, படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தன் சொந்தக் குரலையும் ஏ.ஆர்.பி. 2600 சின்தசைசரையும் கலந்து உருவாக்கினார். ஒலிகளை மகிழ்ச்சி, பயம், சிணுங்கல், கேள்வி என நான்கு பட்டன்களில் பிரித்து, பட்டனுக்குப் பத்து ஒலியாவது வைத்து, அமுக்கும்போது ஏதோ ஒன்று வருமாறு அமையுங்கள். டோம் பேசுபவர் பக்கம் திரும்பி நின்ற பிறகே பட்டனை அமுக்குங்கள். ஒலி முந்திக்கொண்டால் பொம்மையாகவே இருக்கும். ஸ்பீக்கரை முன்பக்கத் துவாரங்களுக்குப் பின்னால் பொருத்துங்கள். டோமுக்குள் வைத்தால் தலை திரும்பும்போதெல்லாம் குரல் கூட்டத்தை விட்டு விலகிப் போகும்.