ஜெர்மனிக்கு வந்த புதிதில் கறிக்குழம்பு: எலும்போடு வாங்குங்கள்

ஜெர்மனிக்கு வந்து இறங்கிய முதல் இரண்டு மாதம் நம் ஆட்களில் பலர் சாப்பிடுவது ஒரே கறிதான். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி. பார்க்கச் சுத்தமாக இருக்கும், வெட்டுவது சுலபம், பத்து நிமிடத்தில் வெந்துவிடும், ஆனால் அம்மா கொடுத்தனுப்பிய மசாலாவையே போட்டாலும் கறி தனி குழம்பு தனி என்றுதான் நிற்கும். இந்த ஊர்க் கறிக்கே ருசி கிடையாது என்று நானும் முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் தமிழ்க் கடையில் என் கூடையைப் பார்த்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "தம்பி, இதில என்ன ருசி வரும்? ஸூப்பன்ஹூன் வாங்கிச் சமைச்சுப் பாருங்கோ" என்றார். அன்று மாறியது என் வீட்டுச் சாப்பாடு.

ஸூப்பன்ஹூன் என்றால் சூப்புக்கோழி. முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைக்கோழி. உறைய வைத்த பொருட்கள் இருக்கும் பெட்டியில் முழுக்கோழியாகக் கிடைக்கும், ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், விலையும் அதிகமில்லை. சில வாரங்களில் வளர்த்து வெட்டும் பிராய்லர் மாதிரி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்த கோழி என்பதால் சதை கெட்டியாக இருக்கும். இங்கே நாட்டுக்கோழிக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

முந்தைய நாளே எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்துக்குள் வைத்துவிடுங்கள், உருக ஒரு நாள் முழுக்க ஆகும். வயிற்றுப் பக்கம் திறந்து பார்த்தால் மஞ்சளாகக் கொழுப்பு திரண்டிருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். பிய்த்துச் சட்டியில் போட்டுச் சிறு தீயில் உருக்கினால் அதுவே தாளிக்கிற எண்ணெய், கூட ஒரு கரண்டி நல்லெண்ணெய் போதும். சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம் (இங்கே ஷலோட்டன் என்று வலைப்பையில் விற்கும்), இஞ்சி பூண்டு, தக்காளி எல்லாம் வதங்கிய பிறகு மூட்டு மூட்டாகப் பிரித்த கோழியை மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துப் பிரட்டி, வறுத்து அரைத்த மிளகாய், மல்லி, மிளகு, சீரகத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். குக்கரில் முக்கால் மணி நேரம். சாதாரணச் சட்டி என்றால் இரண்டரை மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டு இறக்கினால் கடிக்க முடியாது. தேங்காய் அரைத்து ஊற்றுவது கடைசியில்தான். மூடியைத் திறக்கும்போது மேலே பொன்னிறமாக எண்ணெய் மிதக்கும், எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும்.

சீரகம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். மசாலா அடுக்கில் க்யும்மல் என்று எழுதியிருப்பது சீரகம் இல்லை. பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஆனால் அது சீமைச் சீரகம், வாசனையே வேறு. நமக்கு வேண்டியது க்ராய்ட்ஸ்க்யும்மல். புதிதாக வந்தவர்களின் ரசம் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது.

ஆட்டுக்கறிக்குத் துருக்கியர் நடத்தும் கறிக்கடைக்குப் போங்கள். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் வாங்குகிறார்கள், இருந்தாலும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே கிடைப்பது அனேகமாகச் செம்மறி, வெள்ளாடு வேண்டுமென்றால் தமிழ்க் கடையில் உறைய வைத்து விற்பதைக் கேளுங்கள். துருக்கி மொழியில் நாலைந்து சொல் தெரிந்தால் போதும், நமக்கு வேண்டிய துண்டு கையில் வந்துவிடும். குஸு என்றால் ஆட்டுக்குட்டி, கெமிக்லி என்றால் எலும்போடு, கெர்டான் கழுத்து, இஞ்ஜிக் கால்தண்டு. ஜெர்மன் கடையில் எலும்போடு கேட்க மிட் க்னோகன் என்று சொன்னால் போதும். என்னைக் கேட்டால் குழம்புக்குக் கழுத்துக்கறிதான். விலை குறைவு, எலும்பும் ஜவ்வும் கலந்து இருப்பதால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். தொடைக்கறி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

ஜெர்மன் கறிக்கடைக்குத் தெற்கில் மெட்ஸ்கெராய் என்றும் வடக்கிலும் கிழக்கிலும் ஃப்ளைஷெராய் என்றும் பெயர். கொத்துக்கறி வாங்கும்போது கெமிஷ்டஸ் என்று எழுதியிருந்தால் அதில் பன்றியும் மாடும் கலந்திருக்கும். இதில் ஏதாவது ஒன்று சாப்பிடாதவர்கள் லேபிளில் ரிண்ட் (மாடு), ஷ்வைன் (பன்றி), லாம் (ஆட்டுக்குட்டி), பூட்ட (வான்கோழி) என்ற சொற்களை முதல் நாளே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மாட்டுக்கறி சாப்பிடுவீர்கள் என்றால் கூலாஷ் கற்றுக்கொள்ளுங்கள். ஹங்கேரியிலிருந்து வந்து இந்த ஊர் வீடுகளில் ஊறிப்போன சாப்பாடு. ஒரு கிலோ கால்தண்டுக் கறிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வெங்காயம். வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை இருபது நிமிடம் பொறுமையாக வதக்கி, அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகா தூளைப் போட வேண்டும், சூட்டில் கருகினால் கசந்துவிடும். நம் வீட்டில் மிளகாய்த்தூளுக்குப் பார்க்கிற அதே பக்குவம். அப்புறம் கறி, கொஞ்சம் தண்ணீர், உப்பு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறு தீ. மேலே சொன்ன க்யும்மல் இதற்குத்தான், அரை ஸ்பூன் இடித்துப் போடுங்கள். மீன்குழம்பு மாதிரி மறுநாள்தான் இதற்கு முழு ருசி. நான் இரண்டு பச்சை மிளகாய் கீறிப் போடுவேன், சோற்றோடு அருமையாகப் போகும். மாடு வேண்டாம் என்றால் ஆட்டுத் தோள்கறியில் செய்யலாம்.

அடுப்பு விஷயம். கண்ணாடி அடுப்பில் இரண்டு வகை உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இண்டக்‌ஷன் என்றால் ஊரிலிருந்து கொண்டு வந்த அலுமினியக் குக்கர் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். வாடகை வீட்டில் வாசனை பற்றிப் பேச்சு வரும் என்பதும் உண்மைதான். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, முடிந்ததும் ஜன்னல்களை முழுதாகத் திறந்து பத்து நிமிடம் காற்று போக விடுங்கள். படுக்கையறையிலும் நடைவழியிலும் இருக்கும் புகை அலாரம் சட்டப்படி இருக்க வேண்டியது, சத்தம் போடுகிறதே என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் பொதுவாக அமைதி நேரம், குக்கர் விசிலை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. கொழுப்பு மிதக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குளிரில் உறைந்து குழாய் அடைக்கும்.

விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது உப்புக்கண்டமும் நெய்யும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ பயணிகள் கொண்டுவரக் கூடாது, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை, 20 கிலோ வரை அனுமதி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை அனேகமாக எல்லாக் கடையும் மூடியிருக்கும். கறிக்கடைகள் பல சனிக்கிழமை மதியத்தோடே கதவடைத்துவிடும், அதனால் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். கழுத்துக்கறி முதலில் தீர்ந்துவிடும்.