வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் சோதிப்பது எப்படி?

துப்பாக்கிக் கடைக்கு ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கையில் கொடுத்ததும் கண்ணில் வைத்து, எதிர்ச்சாரியில் இருக்கிற பெயர்ப்பலகையைப் பார்ப்பார்கள். "நல்லாத் தெளிவா இருக்கு" என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். நானும் என் முதல் ஸ்கோப்பை அப்படித்தான் வாங்கினேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு வந்து, ஆயுத உரிமம் எடுத்து, மான் வேட்டை பழகத் தொடங்கியிருந்த வருடம் அது.

அந்த ஸ்கோப்பில் படம் உண்மையிலேயே தெளிவாகத்தான் இருந்தது. இரண்டாவது பயணத்தில், 140 மீட்டர் தூரத்தில் வலப்பக்கம் பார்த்து நின்ற ஒரு பிணைமானைச் சுட்டேன். தோளுக்குப் பின்னால் குறி வைத்தேன். குண்டு வயிற்றில் பட்டது. இருட்டும் வரை இரத்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் கிடைத்தது. ஊர் திரும்பிச் சுடுதளத்தில் பார்த்தால், 100 மீட்டரில் குண்டு 15 செ.மீ. இடப்பக்கம் தள்ளி விழுகிறது. வீட்டிலிருந்து மலைக்குப் போகும் வழியிலேயே ஸ்கோப் தன் குறியை விட்டுவிட்டது. அந்த மான் ஒரு இரவு முழுக்கப் பட்ட வேதனைக்கு நான்தான் பொறுப்பு, ஏனென்றால் நான் சோதிக்கவே இல்லை.

ஸ்கோப்பின் முதல் வேலை, வைத்த குறியை அசையாமல் பிடித்து வைப்பது. காட்டுவது அதற்கு அடுத்த வேலை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்யுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் உரிமத்தோடு வேட்டைக்குப் போகிற, புதிதாகப் பழகுகிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எண்களைப் படியுங்கள்

3-9×40 என்று எழுதியிருந்தால், உருவத்தை 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் 4.4 மி.மீ., 6 மடங்கில் 6.7 மி.மீ. இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும்; வயதாக ஆக அது குறையும். அந்தி நேரத்தில் படம் மங்கலாகத் தெரிந்தால், பெரிய ஸ்கோப்புக்கு ஆசைப்படுவதற்கு முன்னால் பெருக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்.

பெருக்கம் அதிகமானால் தரமும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். புதர்க்காட்டில் மான் 50 மீட்டரில் எழுந்து ஓடும். அங்கே 3 மடங்குகூடச் சில சமயம் அதிகம்தான். இங்குள்ள தெற்கு ஆல்ப்ஸ் மலை உச்சியில் வரையாடு தேடிப் போனால் 200, 300 மீட்டர் சாதாரணம். (1904இல் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட இமாலய வரையாடு அது. நம் நீலகிரி வரையாட்டையும் ஒரு காலத்தில் இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள்; 2005இல் பிரித்துவிட்டார்கள். முதல் முறை பாறை மேல் அதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.) அந்தத் தூரத்துக்கும் 9 அல்லது 10 மடங்கு தாராளமாகப் போதும்.

படி 2: கடையிலேயே செய்யக்கூடியவை

முதலில் கண் பக்கத்து வளையத்தைத் திருப்பி, வெறும் சுவரைப் பார்த்து, குறுக்குக்கோடு (குறி வைக்க உள்ளே தெரியும் சிலுவைக் கோடு) கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். இதைச் செய்யாமல் பார்த்தால் நல்ல ஸ்கோப்பும் மோசமாகத் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஸ்கோப்பை இரண்டு மணல் பைகளுக்கு நடுவே அசையாமல் வைத்து, தூரத்தில் ஒரு புள்ளியைக் குறுக்குக்கோட்டின் நடுவில் கொண்டுவாருங்கள். பெருக்க வளையத்தை மெதுவாக 3இலிருந்து 9 வரை திருப்புங்கள். குறுக்குக்கோடு அந்தப் புள்ளியை விட்டு நகர்ந்தால் அதை வாங்க வேண்டாம். வளையம் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொளதொளவென்று ஓடினாலும் வேண்டாம்.

குறியை நகர்த்த மேலேயும் பக்கத்திலும் இருக்கும் இரண்டு திருகுகளின் மூடியைக் கழற்றித் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியாக விரலில் தெரிய வேண்டும். ஆனால் கிளிக் சத்தம் நன்றாக இருப்பதால் குறுக்குக்கோட்டை நகர்த்தும் உள்குழாய் சரியாக நகர்கிறது என்று ஆகிவிடாது. அதைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியில் முழுப்படம் தெரிகிறது என்பதையும் கவனியுங்கள். 9 செ.மீ. அளவு இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால், துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

படி 3: கண்ணாடியை அந்தியில் பாருங்கள்

கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். இங்கே பொதுக் காப்பு நிலத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச்சீட்டோடு வேட்டையாடலாம், ஆனால் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின் வரைதான். அந்த இரண்டு அரை மணிகளில்தான் மான் வெளியே வரும். கடைக்காரரிடம் கேட்டு, மாலையில் கடை மூடும் நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். இரண்டு ஸ்கோப்புகளை ஒரே பெருக்கத்தில் வைத்து, மரத்தடி நிழலுக்குள் கிளைகள் பிரிந்து தெரிகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

பெட்டியில் "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" (எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீதம் அளவுக்கு ஒளி திரும்பிப் போய்விடும். 8 லென்ஸ் என்றால் 16 பரப்பு. கணக்குப் போட்டால் பாதி ஒளிதான் மிஞ்சும். 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்த இழப்பைத்தான் குறைத்தது. இன்று நடுத்தர விலையிலேயே நல்ல பூச்சு கிடைக்கிறது. கண்ணாடிக்காக மட்டும் பெரும் பணம் கொடுக்க வேண்டிய காலம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

படி 4: சரியாகப் பொருத்துங்கள்

"ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருகிற புகார்களில் நிறைய, கடைசியில் தளர்ந்த திருகாகத்தான் இருக்கும். ஆகவே ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் பொருத்துதலைச் சந்தேகியுங்கள்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டை வெளியே எடுத்துவிடுங்கள். துப்பாக்கி மேல் ஸ்கோப் வளையங்கள் உட்காரும் அடித்தளத்தின் திருகுகளையும் துளைகளையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, நீலநிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு முடுக்குங்கள். ஸ்கோப்பை அணைக்கும் வளையங்களின் திருகுகளை டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் கருவி) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பெரும்பாலும் அது 2 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கைக்கணக்கில் இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே நகர வேண்டிய பாகம் சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக, வளையத்தையும் குழாயையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். பத்து ரூபாய் வேலைதான். பிறகு என்றைக்காவது குறி தவறினால் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு பிரிந்திருந்தால் வளையத்தில் வழுக்கல். சேர்ந்தே இருந்தால் அடித்தளத் திருகையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்கோப்பைச் சந்தேகிக்கலாம்.

படி 5: சுடுதளத்தில்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒரே பெட்டித் தோட்டா, காற்று இல்லாத காலை, மணல் பை, 100 மீட்டர். குழல் சூடாகாமல் நிறுத்தி நிறுத்திச் சுடுங்கள்.

முதலில் பத்து குண்டு, ஒரே குறியில். மூன்று குண்டு சுட்டு நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் அது உங்களை ஏமாற்றும். அடுத்த மூன்று வேறிடத்தில் விழும், ஸ்கோப் நகர்ந்துவிட்டது என்று வீணாகத் திருகுவீர்கள். பத்து குண்டின் நடுப்புள்ளிதான் உங்கள் உண்மையான ஸீரோ, அதாவது குறி வைத்தால் குண்டு போய் விழும் இடம். அந்தத் தாளில் தேதியும் தோட்டா விவரமும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பெட்டிச் சோதனை. ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்பதை மில், நிமிடக் கோணம் என்ற இரண்டு கோண அளவுகளில் ஒன்றில் சொல்வார்கள். 0.1 மில் கிளிக் உள்ள ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ. கால் நிமிடக் கோணக் கிளிக் என்றால் ஏறத்தாழ 7 மி.மீ. நடுவில் குறி வைத்து இரண்டு குண்டு சுடுங்கள். 20 கிளிக் வலப்பக்கம் திருகி, அதே நடுவில் குறி வைத்து இரண்டு. 20 கிளிக் கீழே, இரண்டு. 20 இடது, இரண்டு. 20 மேலே, இரண்டு. மில் ஸ்கோப் என்றால் தாளில் 20 செ.மீ. பக்கமுள்ள சதுரம் விழ வேண்டும். கடைசி இரண்டும் முதல் இரண்டின் மேலேயே வந்து உட்கார வேண்டும்.

சதுரம் 20க்குப் பதில் 19.5 இருந்தால், 300 மீட்டருக்குள் சுடுகிற வேட்டைக்காரருக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. கடைசிக் குண்டுகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் அந்த ஸ்கோப் மலைக்கு உதவாது. சிலவற்றில் இன்னொரு கோளாறு இருக்கும்: திருகியதும் குறி நகராது, அடுத்த குண்டின் அதிர்ச்சியில்தான் நகரும். பழைய ஆட்கள் திருகின் தலையை நாணயத்தால் தட்டுவது இதற்காகத்தான். தட்டினால்தான் வேலை செய்யும் என்ற நிலைமையில் இருக்கும் ஸ்கோப்பை நான் நம்புவதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்குப் போதுமான பலமில்லை என்று பொருள்.

பள்ளிக்கூடத்தில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்திருப்போம். அது ஸ்கோப்பிலும் உண்டு. துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; குறுக்குக்கோடு தாளின் மேல் நீந்தக் கூடாது. சாதாரண வேட்டை ஸ்கோப்புகள் பலவற்றில் இது 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். அந்தத் தூரத்திலேயே நிறைய நீந்தினால் திருப்பிக் கொடுங்கள். வேறு தூரங்களில் கொஞ்சம் நீந்துவது இயல்பு.

ஸ்பிரிங் வகைக் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது பின்னால் ஒருமுறையும் முன்னால் ஒருமுறையும் உதைக்கும். பெரிய ரைஃபிளில் நன்றாக இருந்த ஸ்கோப்பைக்கூட அது உடைத்துவிடும். அதற்கென்று சொல்லி விற்பதையே வாங்குங்கள்.

படி 6: தண்ணீரும் குளிரும்

தெற்குத் தீவின் மில்ஃபோர்ட் சவுண்ட் பக்கம் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை. அங்கே நீர் புகும் ஸ்கோப் ஒரு நாள்கூடத் தாங்காது. உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்புவது ஆவி படியாமல் இருக்கத்தான். அமெரிக்காவின் லியூபோல்ட் 1947இல் இப்படி நிரப்பிய ஸ்கோப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

நீர்புகாது என்று தயாரிப்பாளர் உறுதி கொடுத்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி நீர், திருகு மூடிகள் இறுக்கமாக, ஸ்கோப்பை முழுதாக அமுக்குங்கள். மரைகளில் தங்கிய காற்று முதலில் நாலைந்து குமிழியாக வரும், பரவாயில்லை. ஒரே இடத்திலிருந்து விடாமல் குமிழி வந்தால் அங்கே அடைப்பு போய்விட்டது. அப்புறம் துடைத்து, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து வெளியே எடுங்கள். வெளிக்கண்ணாடியில் ஆவி படியும். அதைத் துடைத்த பிறகும் உள்ளே மூட்டம் தெரிந்தால் ஸ்கோப் தோற்றுவிட்டது.

படி 7: ஒரு மாதம் கூடவே வைத்திருங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான சோதனை. ஸீரோ வைத்த துப்பாக்கியை, தோட்டா இல்லாமல், உறையில் போட்டு, சரளைச் சாலைப் பயணங்களில் கூடவே கொண்டுபோங்கள். திருகுகளைத் தொடாதீர்கள். மாதக் கடைசியில் அதே தோட்டாவால், பழைய தாளின் மேலேயே ஐந்து குண்டு சுடுங்கள். பழைய பத்தின் கூட்டத்துக்குள் விழுந்தால் நம்பலாம். வேண்டுமென்றே கீழே போட்டுச் சோதிப்பவர்களும் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

வாழ்நாள் உத்தரவாதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கெட்ட ஸ்கோப்புக்குப் பதில் புதியது தருவார்கள், சரி. காயத்தோடு ஓடிய மானுக்கு என்ன தருவார்கள்?

பழைய ஸ்கோப் வாங்கினால் மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே சத்தம் கேட்கக் கூடாது. குழாயில் வளையம் பதிந்த பள்ளம் இருக்கக் கூடாது. லென்ஸ் ஓரத்தில் சிலந்திவலைபோல் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று: தூரத்தில் ஏதோ அசைகிறது, என்னவென்று பார்க்கலாம் என்று ஸ்கோப்பைத் தூக்காதீர்கள். அது ஒரு மனிதராக இருந்தால், அவர் மேல் துப்பாக்கியை நீட்டிவிட்டீர்கள். அதற்குக் கழுத்தில் பைனாகுலர் இருக்க வேண்டும். இலக்கு எதுவென்று துளியும் சந்தேகமில்லாமல் தெரிந்த பிறகே சுட வேண்டும் என்பது நியூசிலாந்தின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று.

மார்ச் கடைசியில் கலைமான்கள் கத்தத் தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் அலமாரியிலிருந்து பழைய தாளை எடுத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போய்விடுவேன். அதே தாள், அதே குறி, ஐந்து குண்டு. எல்லாம் பழைய துளைகளுக்குள் விழுந்தால் மறுநாள் மலை. ஒன்று விலகினாலும் அந்த வாரம் மலை இல்லை, திருகுகளை முதலிலிருந்து பார்க்க ஆரம்பிப்பேன்.