பினாங்குக்கு முதல் முறையா? படகில் போங்கள்

கோலாலம்பூரிலிருந்து முதல் முறை பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகருக்குப் போகிறவர்கள் பாலத்தில் கார் ஓட்டிப் போகாதீர்கள். கேஎல் செண்ட்ரல் நிலையத்தில் ஈடிஎஸ் என்ற மின்சார ரயில் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஃபெரி. கடலைப் பார்த்தபடி போங்கள். பழைய துறைமுக நகரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வரும். நம் முன்னோர் பலர் இந்த நகரத்தைக் கடலிலிருந்துதான் முதலில் பார்த்தார்கள். பள்ளி விடுமுறை, தைப்பூச நாட்களில் ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்னதாகவே எடுத்து வையுங்கள்.

காலையிலேயே நடக்கத் தொடங்குங்கள். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, குயின் ஸ்திரீட்டில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சில நிமிட நடைதான். வெயில் ஏறியதும் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கியே போங்கள். சில இடங்களில் தரை திடீரென்று ஒரு படி இறங்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், பினாங்கு மலையை அதே நாளில் திணிக்க வேண்டாம். அதற்கு மறுநாள் காலை.